வலி நின்றுவிட்டது, இனி வேர் சிகிச்சை எதற்கு?

பத்து நாள் தூங்கவிடாத கடைவாய்ப்பல் வலி தானாகவே நின்றுவிட்டது, இனி வேர் சிகிச்சை (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால்) தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி இப்படித்தான் நிற்கும். கிருமிகளோ வேர் நுனி வழியாக எலும்பை அரிக்கத் தொடங்கும். மாத்திரை போதாதா என்றால், போதாது. ரத்த ஓட்டமே நின்றுபோன இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

எக்ஸ்ரே எடுங்கள். வேர் நுனியில் கருநிழல் தெரியலாம். ஆரம்பத்தில் தெரியாமலும் போகலாம். வேர் சிகிச்சையை மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள் (நடுங்கிக்கொண்டே போன நான் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்). பிறகு பல்லின் மேல் உறை (கேப்) போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள், கடைவாய்ப்பல் பிளந்துவிடக்கூடும். முகம் வீங்கினாலோ, காய்ச்சலோ விழுங்கச் சிரமமோ வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.