ஓபன்விசெட்டிலிருந்து வெளியேறுவது: விபிஎஸ் வாடகைக்கு எந்தத் தளம்?

கேள்வி: சிறிய அளவில் விபிஎஸ் (ஒரே சர்வரைப் பங்குபோட்ட மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு விடுகிறேன். ஓபன்விசெட் 6இல் 25 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். டாக்கர் (செயலிகளைப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஓடவில்லை, வயர்கார்டு (விபிஎன்) ஓடவில்லை என்று தொடர்ந்து புகார். ஒருவர் விண்டோஸ் கேட்கிறார். 16 கோர், 128 ஜிபி ரேம், 1.92 டிபி என்விஎம்இ இரண்டு கொண்ட புதிய சர்வர் எடுத்திருக்கிறேன். கேவிஎம், ஸென், விஎம்வேர், எல்எக்ஸ்சி இவற்றில் எதைப் போடுவது? எத்தனை பேரை ஏற்றலாம்?

பதில்: கேவிஎம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொந்தக் கெர்னலோடு (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) தனி விர்ச்சுவல் மெஷின் தருவது அது. அதை நிர்வகிக்க ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள். காரணத்தைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் அமைப்புகள் புரியும்.

ஓபன்விசெட் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. அறைகள் தனித்தனி, ஆனால் எல்லாருக்கும் ஒரே கெர்னல். ஓபன்விசெட் 6இன் கெர்னல் 2.6.32 வரிசையைச் சேர்ந்தது. டாக்கருக்குக் குறைந்தது 3.10 வேண்டும். வயர்கார்டு கெர்னலுக்குள் ஏற்ற வேண்டிய மாட்யூல். கண்டெய்னருக்குள், அதாவது அந்த அறைக்குள், இருப்பவரால் அதை ஏற்ற முடியாது. விண்டோஸுக்கு இடமே இல்லை. 2019 நவம்பரோடு அந்தப் பதிப்பின் ஆதரவும் முடிந்துவிட்டது. இனி வெளியாகும் கெர்னல் ஓட்டைகளுக்கு ஒட்டு கிடைக்காது, ஒரு கண்டெய்னரில் நுழைந்தவர் மற்ற 24 பேரின் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

எல்எக்ஸ்சியும் கண்டெய்னர் முறைதான்; புதிய கெர்னலில் ஓடும், இலகுவானது. ஆனால் குடித்தனம் அதே ஒண்டுதான். உங்கள் சொந்த டிஎன்எஸ், கண்காணிப்புக் கருவி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவருக்கு ரூட் உரிமையோடு விற்காதீர்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் எல்எக்ஸ்சியை ஓடும்போதே வேறு சர்வருக்கு மாற்றவும் முடியாது, நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

ஸென்னும் கேவிஎம் போலத் தனி மெஷின் தரும் தளம், மோசமில்லை. அமேசானின் மேகச் சேவையான இசி2 அதன் மேல்தான் வளர்ந்தது. பிறகு 2017இல் கேவிஎம் அடிப்படையிலான நைட்ரோவுக்கு நகரத் தொடங்கியது. ஸென் மேல் கட்டிய எக்ஸ்சிபி-என்ஜி இன்றும் நல்ல தளம். ஆனால் ஒற்றை சர்வரோடு தொடங்குபவருக்கு அது தரும் கூடுதல் பலன் எதுவுமில்லை. விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்று, எல்லாம் சந்தாவானது. விபிஎஸ் விற்கச் சாதாரண உரிமம் போதாது, சேவை நிறுவனங்களுக்கான தனித் திட்டத்தில் சேர வேண்டும். 25 வாடிக்கையாளர் கணக்கில் அது கட்டுப்படியாகாது.

எத்தனை பேர் என்பதைத் தளம் முடிவு செய்வதில்லை, ரேம்தான் முடிவு செய்கிறது. 128 ஜிபியில் சர்வருக்கு 4, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஆர்க் தற்காலிக நினைவகத்துக்கு 8, ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் வெளியே தின்னும் கூடுதல் நினைவகத்துக்கு மொத்தமாக 4 ஒதுக்குங்கள். மீதி 112 ஜிபி, அதாவது 4 ஜிபி விபிஎஸ் 28. மெஷின் பயன்படுத்தாத ரேமைத் திரும்பப் பெறும் பலூனிங்கை நம்பி 40 பேரை ஏற்றினால், எல்லாரும் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும் நாளில் சர்வரின் கெர்னல் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் மெஷினை அப்படியே கொன்றுவிடும். யாரை என்று அது உங்களிடம் கேட்காது.

சிபியுவைத் தாராளமாகப் பங்கு போடலாம். ஆளுக்கு 2 விசிபியு (மெய்நிகர் கோர்) என்றால் 56, அதாவது ஒரு கோருக்கு 3.5, வலைத்தளங்களுக்கு இது பிரச்சினையில்லை. வாடிக்கையாளர் மெஷினில் டாப் கட்டளையின் ‘எஸ்டி’ எண் (சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் சதவீதம்) தொடர்ந்து 10ஐத் தாண்டினால் ஆள் அதிகம். இரண்டு டிஸ்க்கையும் மிரராக (இரண்டிலும் ஒரே தரவு) போட்டால் கிடைப்பது 1.92 டிபி. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் ஆளுக்கு 50 ஜிபி சரியாக வரும். டிஸ்க் வாங்கும்போது மின்தடைப் பாதுகாப்பு கொண்ட டேட்டாசென்டர் ரகம்தானா என்று பாருங்கள். மேசைக் கணினி ரகத்தில் டிஸ்க்கில் பதிந்தது உறுதியாகும்வரை காத்து டேட்டாபேஸ் எழுதும் வேலை மிக மெதுவாகிவிடும், பழி ப்ராக்ஸ்மாக்ஸ் மேல் விழும்.

நிறுவும் முன் பயாஸில் விர்ச்சுவல் மெஷினுக்கான சிபியு வசதி (இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம்) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவியபின் அப்டேட் 401 பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். அப்டேட் இறங்கும் இடத்தைச் சந்தா இல்லாத களஞ்சியத்துக்கு மாற்றினால் போதும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் நிறுவி ஆர்க் உச்சவரம்பை ரேமில் பத்து சதவீதமாக வைக்கும். பழைய பதிப்புகளில் அது பாதி ரேம் வரை போகும். எதுவானாலும் 8 ஜிபிக்குக் குறைத்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ரீபூட் செய்யுங்கள்.

ஒவ்வொரு மெஷினின் டிஸ்க் அமைப்பிலும் விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள், ஐஓ த்ரெட், டிஸ்கார்ட் மூன்றையும் இயக்குங்கள். டிஸ்கார்ட் இல்லையென்றால் வாடிக்கையாளர் அழித்த இடம் உங்களுக்குத் திரும்பி வராது. சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என வையுங்கள். வேறு தலைமுறை சிபியு கொண்ட சர்வரைப் பின்னால் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் வகை. பழைய கேவிஎம்64 வகையில் அல்மா லினக்ஸ் 9 பூட் ஆகவே ஆகாது. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டுங்கள்.

அதிகம் சறுக்குவது நெட்வொர்க்கில். வேக வரம்புக் கட்டத்தின் அலகு மெகாபைட், மெகாபிட் அல்ல. 100 மெகாபிட் என நினைத்து 100 போட்டால் 800 மெகாபிட் கொடுத்துவிட்டீர்கள், 12.5 என்று போட வேண்டும். அடுத்து, ஒரு வாடிக்கையாளர் பக்கத்து ஐபியைத் தன் மெஷினில் எழுதித் திருடாமல் இருக்க ஃபயர்வாலின் ஐபி ஃபில்டர் தேவை. டேட்டாசென்டர் நிலை, மெஷின் நிலை, நெட்வொர்க் கார்டு என மூன்று இடத்திலும் ஃபயர்வாலை இயக்கினால்தான் அது வேலை செய்யும். டேட்டாசென்டர் நிலையை இயக்கும் முன் உங்கள் அலுவலக ஐபியை ‘மேனேஜ்மென்ட்’ ஐபி தொகுப்பில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

வாடிக்கையாளர் தாமே ஓஎஸ்ஸை மாற்றி நிறுவும் பலகை வேண்டுமென்றால் அதை இப்போதே முடிவு செய்யுங்கள். விர்ச்சுவலைசர் ப்ராக்ஸ்மாக்ஸோடு சேர்ந்து இயங்கும். சோலஸ்விஎம் 2, விர்ட்ஃப்யூஷன் இரண்டும் வெறும் லினக்ஸ் மேல் தாமே கேவிஎம்மை அமைத்துக்கொள்பவை. ஆட்களை ஏற்றியபின் மனம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும்.

பழைய கண்டெய்னரை அப்படியே கேவிஎம் ஆக்க முடியாது. அதற்குள் கெர்னலும் இல்லை, பூட்லோடரும் இல்லை. புதிய ஓஎஸ்ஸோடு காலி மெஷின் ஒன்றை எழுப்பி, இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். சேவைகள் ஓடும்போதே கோப்புகளை ஆர்சிங்க் கருவி மூலம் ஒருமுறை நகலெடுங்கள். குறித்த இரவில் சேவைகளை நிறுத்தி, டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டுங்கள். இம்முறை மாறியவை மட்டும் போவதால் சீக்கிரம் முடியும். முடிந்ததும் டிஎன்எஸ்ஸைப் புது மெஷினுக்குத் திருப்புங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவை மொத்தமாக நகலெடுக்காதீர்கள்: எஃப்எஸ்டேபும் (டிஸ்க்குகளின் பட்டியல்) நெட்வொர்க் அமைப்பும் சேர்ந்து போனால் புது மெஷின் அடுத்த ரீபூட்டில் எழாது. முதலில் உங்கள் சொந்தத் தளத்தை நகர்த்துங்கள், பிறகு நாளைக்கு மூன்று நான்கு பேர். பழைய சர்வரை ஒரு மாதமாவது கையில் வைத்திருங்கள்.