கால் பூட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மா, கபடி ஆடும் உங்கள் மகனின் முழங்காலில் ‘கரையும் சாரம்’ (கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி, செல்கள் பற்றி வளரத் தாங்கும் பொருள்) வைக்கப் போகிறார்கள், அதனால் புற்றுநோய் வருமோ, சிறுநீரகம் கெடுமோ, உங்கள் முழங்காலுக்கும் அது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் பிறந்தபோது போட்ட தையலைப் பிரிக்கவில்லை, தானாகவே கரைந்துவிட்டது என்கிறீர்கள். அந்த நூல் ஒன்று விலங்குக் குடலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதமாக இருக்கும், இல்லாவிட்டால் பாலிகிளைகாலிக் அமிலம் போன்ற செயற்கைப் பொருளாக இருக்கும். முழங்காலில் குருத்தெலும்பு வளர்க்க வைக்கும் ‘கரையும் சாரம்’ பலவும் அதே வகையறாதான்.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அடிபட்டுப் பள்ளம் விழுந்தால் தானாக நிரம்பாது. அதனால் மூட்டில் எடை தாங்காத ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதன் செல்களைச் சில வாரம் வளர்த்து, சாரத்தில் ஏற்றிப் பள்ளத்தில் பதிக்கிறார்கள். செல் வளர்த்து வைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டார்கள். கொலாஜன் சவ்வில் செல் ஏற்றிய வகைக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. செல்கள் திசுவைக் கட்டக் கட்ட, சாரம் கரையும். பாலிலாக்டிக் அமிலம் என்ற செயற்கைப் பொருளில் செய்த சாரம் கரைந்தால் வருவது லாக்டிக் அமிலம். கபடி ஆடும்போது உங்கள் மகனின் தொடைத் தசையில் ஊறுவதும் அதுதான். கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்விடும். புற்றுநோய் என்று பயமுறுத்தும் அந்த வாட்ஸ்அப் வீடியோவை அழித்துவிடுங்கள்.

உங்கள் 58 வயது முழங்காலுக்கு இது ஆகாது. மூட்டு முழுக்கத் தேய்வது வேறு, ஓரிடத்தில் பள்ளம் விழுவது வேறு.

சரி, என்னைக் கலங்க வைத்தது கடிதத்தின் கடைசி வரி. ‘படித்துறையில் குத்தவைத்து எழுந்தால் சில நாள் கால் நீட்ட வரவில்லை, உதறினால் டக்கென்று விட்டுவிடுகிறது’ என்று மகனைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடைந்த துணுக்கோ, கிழிந்த மெனிஸ்கஸ் ஜவ்வோ (முழங்கால் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருப்பது) எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் சாரம் வைத்தால், புதிதாக வளரும் திசுவை அதுவே அரைத்துவிடும். ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? நாளைக்கே சொல்லுங்கள், எம்ஆர்ஐ படத்தை இதற்காகவே இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிப் பூட்டிய காலோடு ஒரு பையன் என்னிடம் வந்தான். ‘உருவி விடுகிறோம்’ என்று இரண்டு பேர் பிடித்து இழுத்திருந்தார்கள். உள்ளே பார்த்தபோது ஜவ்வு நார்நாராகக் கிடந்தது, தைக்க இடமில்லை.

உங்கள் மகன் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வலியை மறைத்து அவனைக் களத்தில் இறக்குவது அந்த மாத்திரைதான். சாரத்தால் சிறுநீரகம் கெடுமோ என்று பயப்படுகிறீர்கள், மாதக்கணக்கில் விழுங்கினால் அதைக் கெடுக்கக்கூடியது இதுதான் அம்மா.

அடுத்த முறை பூட்டிக்கொண்டு விடவில்லை என்றால் உதற வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். எந்த மடிப்பில் நின்றதோ அப்படியே அடியில் தலையணை கொடுத்து, அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.