“பொண்ணு அடக்கமா இருந்தா எதுவும் நடக்காது”னு சர்ச்ல சொல்றாங்களே, பைபிள் அப்படித்தான் சொல்லுதா?

கேள்வி கேட்டவங்க கூடவே எழுதியிருக்கிற விவரம் இதுதான்: தங்கச்சிக்கு 15 வயசு, போன வாரம் வாலிபப் பெண்கள் கூட்டத்துல தீனாள் கதைய எடுத்து “வெளிய போனா, கெட்டுப்போனா”ன்னு பிரசங்கம் பண்ணாங்களாம், அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அழுதுச்சாம், என்ன சொல்லித் தேத்துறதுன்னு தெரியலயாம்.

இந்தப் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். இருவத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி காசிமேட்டுல, மொட்ட மாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட ஒரு ஜெபக்கூடத்துல, வேர்வைல நனைஞ்சுகிட்டு இதே தீனாள நானும் கேட்டிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க பரம்பரையா கத்தோலிக்கம். அப்பா மஞ்சக்காமாலை முத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரில படுத்துட்டப்ப வார்டுல ஜெபம் பண்ண வந்தவங்க மூலமா அம்மா பெந்தெகொஸ்தே பக்கம் போயிட்டாங்க, நானும் கூடவே போனேன். அதுல ஒரு லாபம், ரெண்டு பக்கத்துப் பாடமும் எனக்கு கெடச்சுது.

மொத பாடம் ராயபுரத்துல, ஞாயித்துக்கிழமை ஞானோபதேச கிளாஸ்ல. புனித மரியா கொரற்றி கதை. இத்தாலில 1902ல நடந்தது, அந்தப் பொண்ணுக்கு 11 வயசு, ஒரே வீட்டுல வேற போர்ஷன்ல இருந்த 20 வயசுப் பையன் கெடுக்க வந்தான், அவ ஒத்துக்கல, 14 எடத்துல குத்துனான், மறுநாள் செத்துட்டா, சாகும்போது அவன மன்னிச்சா. 1950ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னிக்கும் மரியாதை இருக்கு, கஷ்டமாவும் இருக்கு. ஆனா எங்களுக்கு சொன்ன விதம் இருக்கே, “பாருங்க பிள்ளைங்களா, உயிரே போனாலும் கற்ப விடல”. பத்து வயசுல நான் போட்ட கணக்கு என்ன தெரியுமா, அப்போ சாகாம தப்பிச்சு உயிரோட இருக்கிற பொண்ணு பாவம் பண்ணவ. யாரும் அப்படி சொல்லல, ஆனா அந்தக் கிளாஸ்ல இருந்த முப்பது பேரும் அதே கணக்கத்தான் போட்டிருப்போம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே சபையோட பெரிய அறிவாளி புனித அகுஸ்தினார், 410ல ரோம் நகரத்த கொள்ளையடிச்சப்ப பலவந்தத்துக்கு ஆளான பொண்ணுங்கள ஊரே கேவலமா பேசுனப்ப, மனசு சம்மதிக்காத எடத்துல அவங்க கற்பு எங்கயும் போகல, பாவம் அதைச் செஞ்சவன் மேலன்னு எழுதி வெச்சாரு. பலவந்தத்துக்கு ஆளாகி, மானத்துக்காக தற்கொலை பண்ணிக்கிட்டாள்னு ரோமே தூக்கி வெச்சுக் கொண்டாடுன லுக்ரீசியாவ பத்தியும், அவ மேல தப்பே இல்லன்னா அவ ஏன் சாகணும்னு கேட்டவரு. ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆச்சு. எங்க கிளாஸுக்கு அந்தப் பக்கம் மட்டும் வந்து சேரல.

அடுத்தது ஜெபக்கூடத்துல தீனாள். ஆதியாகமம் 34. யாக்கோபோட பொண்ணு, அந்த தேசத்துப் பெண்களப் பாக்கப் புறப்பட்டா, சீகேம்னு ஒரு பிரபு வீட்டுப் பையன் அவள தூக்கிட்டுப் போயி கெடுத்துட்டான். எங்க வாலிபப் பெண்கள் லீடர் சிஸ்டர் முதல் வசனத்துலயே ஒரு மணி நேரம் நின்னாங்க. “புறப்பட்டாள், புறப்பட்டாள், ஏன் புறப்பட்டாள்?” ரெண்டாவது வசனத்துல சீகேம் என்ன பண்ணான்ங்கிறதுக்கு அரை நிமிஷம் கூட இல்ல. அப்பறம் வழக்கமான சரக்கு: பேப்பர் பிரிச்ச மிட்டாய்ல ஈ மொய்க்கும், முள்ளு சேலை மேல விழுந்தாலும் சேலை முள்ளு மேல விழுந்தாலும் கிழியறது சேலைதான். (இந்தப் பழமொழி பைபிள்ல இல்ல, ஆனா நம்ம ஊரு எல்லா மதத்துக்கும் இது பொது வசனம்.) அவ பாக்கப் போனது பொம்பளைங்கள, அந்த அதிகாரம் முழுக்க தீனாள் ஒரு வார்த்தை பேசல, அப்பாவும் அண்ணனுங்களும் சீகேம் வீட்டாரும்தான் பேசுறாங்க. இதெல்லாம் எனக்கு அப்போ உறைக்கல.

அந்தக் கிளாஸ் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் இருக்கும், எனக்கு 14 வயசு. வீட்டுக்கு ஜெபிக்க வர்ற பெரியவர் ஒருத்தர், எங்க அப்பா வயசு, தலைல கை வெச்சு ஜெபம் பண்ணுவாரு. ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தப்ப வந்தாரு, கை தலையோட நிக்கல. இதுக்கு மேல எழுத எனக்கு இஷ்டமில்ல. நான் சொல்ல வந்தது அதுக்கப்பறம் நடந்தது. அவரு போனதும் என் மனசுல வந்த மொத நெனப்பு “துப்பட்டா எங்க?” ரெண்டாவது நெனப்பு “நான் ஏன் கதவத் தொறந்தேன்?” மூணாவது, நான் ஏன் கத்தல. அவரப் பத்தி ஒரு நெனப்பும் வரல பாருங்க. தீர்ப்ப முன்னாடியே எழுதி என் கைல குடுத்துட்டாங்க, நான் பேரு மட்டும்தான் எழுதிக்க வேண்டியிருந்துச்சு. இந்தப் போதனையால எந்தக் கையும் நின்னதா எனக்குத் தெரியல, பொண்ணுங்க வாய்தான் மூடுது.

நாலு நாள் கழிச்சு தைரியம் பண்ணி லீடர் சிஸ்டர் கிட்ட சொன்னேன். அவங்க கேட்ட மொத கேள்வி “தனியா இருக்கும்போது ஏம்மா உள்ள விட்ட?” அப்பறம் என் கையப் புடிச்சுகிட்டு அவங்களும் அழுதாங்க, கெட்டவங்க இல்ல அவங்க, உண்மையாவே எனக்காக அழுதாங்க, அழுதுட்டு மூணு நாள் உபவாசம் இருந்து கர்த்தர் கிட்ட மன்னிப்பு கேளுன்னு சொன்னாங்க. நானும் இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை அவரு மேடைல சாட்சி சொல்லிட்டு இருந்தாரு, நான் கீழ பசில கண்ணு இருட்டி உக்காந்திருந்தேன்.

கண்டுபிடிச்சது எங்க ஆயா. ஆயா மீன் வியாபாரம், ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து தனியா நடந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயி ஏலத்துல கூடை எடுத்து தண்டையார்பேட்டைல உக்காந்து விக்கும், நாப்பது வருஷம் அப்படி. “இன்னாடி மூணு நாளா துன்னாம கீற?”ன்னு கேட்டுட்டு தட்டுல சோறு போட்டு சங்கரா கொழம்பு ஊத்தி எதிர்லயே உக்காந்துச்சு. பாதி சோறு உள்ள போனதும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஆயா கத்தல, சாமி மேல சத்தியம் பண்ணல. தீனாள் கதையையும் மிட்டாய் கதையையும் சேத்தே சொன்னேன், அதுக்கு மட்டும் சிரிச்சுச்சு. “நான் தெனம் ரெண்டு மணிக்கு பொறப்புடுறேன், என்னிய யாரு தூக்கினு போவுறது? ஈ மொச்சா ஈயத்தான்டி ஓட்டுவோம், மீனப் போட்டு அடிப்பாங்களா எவனாவது?”

அடுத்த வாரம் அவரு வந்தாரு. ஆயா வாசப்படில குறுக்க உக்காந்து நெத்திலி ஆஞ்சுகிட்டு இருந்துச்சு, நகரல. “ஜெபமா? வெளிய நின்னே பண்ணு நைனா, ஆண்டவருக்கு காது நல்லாத்தான் கேக்குது.” அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு போயிட்டாரு, அதுக்கப்பறம் எங்க வீட்டுக்கு வரல. வேற வீட்டுக்குப் போயிருப்பாரு இல்ல? அத நெனச்சா எனக்கு இப்பவும் வயித்த கலக்கும். அப்போ குழந்தைங்கள பாலியல் கொடுமைலேருந்து காப்பாத்துற போக்சோ சட்டமெல்லாம் கெடையாது, அது 2012லதான் வந்துச்சு, எங்க தெருவுல போலீசுக்குப் போறதுன்னா பொண்ணு பேரு கெடும்ங்கிறதுக்கு மேல யாரும் யோசிக்கவும் மாட்டாங்க.

சரி, பைபிள் என்ன சொல்லுதுன்னு கேட்டீங்க. ஒளிக்காம சொல்றேன், சங்கடமான எடங்களும் இருக்கு. உபாகமம் 22ல நிச்சயம் பண்ண பொண்ணு விஷயத்துல, பட்டணத்துக்குள்ள நடந்து அவ கூக்குரல் போடலன்னா ரெண்டு பேரையும் கல்லெறிஞ்சு கொல்லணும்னு இருக்கு. அதே அதிகாரத்துல, வெளி வயல்ல நடந்தா அவ மேல குத்தமே இல்ல, இது ஒருத்தன் இன்னொருத்தன அடிச்சுக் கொல்ற மாதிரின்னும் இருக்கு. கடைசில நிச்சயம் ஆகாத பொண்ணுன்னா கெடுத்தவன் அவ அப்பனுக்கு 50 வெள்ளிக்காசு குடுத்துட்டு அவளையே கட்டிக்கணும்னும் இருக்கு. இதெல்லாம் பொண்ண அப்பனோட சொத்தா பாத்த ஒரு காலத்துச் சட்டம். இத அப்படியே இன்னிக்கு எடுத்துப் பேசுறவங்க அதே புஸ்தகத்துல இருக்கிற கல்லெறியிற சட்டத்தையெல்லாம் தாண்டிப் போறாங்களே, அத மட்டும் ஏன்னு கேளுங்க.

ஆனா சர்ச்ச மட்டும் சொல்லியும் புண்ணியமில்ல, கோர்ட்டும் ரொம்ப நாள் இதே கேள்வியத்தான் கேட்டுச்சு. 1972ல மகாராஷ்டிரால போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள ஒரு ஆதிவாசிப் பொண்ணு கெடுக்கப்பட்ட வழக்குல, அவ கத்தல, உடம்புல காயமில்லன்னு காரணம் சொல்லி 1978ல சுப்ரீம் கோர்ட்டே ரெண்டு போலீஸ்காரங்கள விட்டுச்சு. அத எதிர்த்து நடந்த போராட்டத்துலதான் 1983ல சட்டம் மாறுச்சு. பொண்ணு “நடத்த சரியில்லாதவ”ன்னு காட்டி அவ சாட்சிய உடைக்கலாம்னு சாட்சியச் சட்டத்துல இருந்த பிரிவத் தூக்குனது 2003ல. எதுத்துப் போராடலங்கிறத மட்டும் வெச்சு சம்மதம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதுனது 2013ல. பயத்துல உடம்பு கல்லு மாதிரி ஆயிடும், சத்தம் வராதுங்கிறது எனக்கு 14 வயசுலயே தெரியும், சட்டத்துக்குத் தெரிய அவ்ளோ நாளாச்சு. அந்த 50 வெள்ளிக்காசும் பழைய கதை இல்ல. 2015ல இதோ பாரிமுனைல இருக்கிற நம்ம ஹைகோர்ட்டுலயே, எங்க வீட்டுலேருந்து இருவது நிமிஷ பஸ்ஸு, பலாத்கார வழக்குல தண்டனை வாங்குனவனுக்கு ஜாமீன் குடுத்து அந்தப் பொண்ணோட சமரசம் பேச அனுப்புனாங்க. பெரிய எதிர்ப்பு வந்து அடுத்த மாசமே அந்த உத்தரவ திரும்ப வாங்கிட்டாங்க.

இப்போ நான் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டச் சொல்ற பகுதி. 2 சாமுவேல் 13, தாமார். பதினொரு வருஷம் ஜெபக்கூடத்துல இருந்தேன், ஒரு பிரசங்கம் கூட இதுல கேட்டதில்ல, கல்யாணத்துக்கப்பறம் நானாத்தான் படிச்சேன். தாமார் தாவீது ராஜாவோட பொண்ணு. எங்கயும் “புறப்பட்டு” போகல, அப்பா சொன்னதுக்காக சீக்குன்னு நடிச்ச அண்ணன் அம்னோன் வீட்டுல அவனுக்குப் பண்ணியாரம் சுட்டுக் குடுக்கப் போனா. போட்டிருந்தது ராஜா வீட்டுக் கன்னிப் பொண்ணுங்க போடுற அங்கி. வேண்டாம்னு வாய் தொறந்து சொன்னா, காரணத்தோட சொன்னா. வெளிய வந்தப்ப தலைல சாம்பலப் போட்டுக்கிட்டு சத்தமா அழுதுகிட்டே போனா. அடக்கம், கீழ்ப்படிதல், முழு உடுப்பு, மறுப்பு, கூக்குரல், அவங்க கேக்குற அத்தனையும் அவகிட்ட இருந்துச்சு. அப்படியும் நடந்துச்சு. அதுக்கப்பறம் கூடப்பொறந்த அண்ணன் அப்சலோம் அவகிட்ட சொன்னது, இப்போ மவுனமா இரு, அவன் உன் சகோதரன். தாவீது ரொம்பக் கோவப்பட்டான்னு எழுதியிருக்கு, கோவப்பட்டு என்ன பண்ணான்னு தேடினா ஒண்ணுமில்ல. இத எழுதி வெச்சவன் தாமார் மேல ஒரு குத்தம் கூடச் சொல்லல.

இயேசு பேசுனதும் ஆம்பளைகிட்டதான். இச்சையோட பாத்தாலே விபசாரம்னு சொல்லிட்டு, உன் கண்ணு இடறல் பண்ணா புடுங்கிப் போடுன்னாரு, அவள முக்காடு போடச் சொல்லுன்னு சொல்லல. (மத்தேயு 5.) மண்ணடில என் ஃப்ரெண்டு ஒருத்தி, குர்ஆன்ல 24வது சூராலயும் பார்வையத் தாழ்த்துன்னு மொதல்ல ஆம்பளைங்களுக்குத்தான் வருது, பொண்ணுங்களுக்கு அடுத்த வசனம்தான், ஆனா பயான்ல, அதான் மசூதிப் பிரசங்கத்துல, எங்களுக்கு ரெண்டாவது மட்டும்தான் கேக்கும்னு சொல்லுவா. அகலிகை கதைல வேஷம் போட்டு வந்தது இந்திரன், கல்லா கெடந்தது அவ. எல்லா வீட்டுலயும் இருக்கு.

2021ல நாட்டுல பதிவான 31,677 பாலியல் வன்கொடுமை வழக்குல 96 சதவீதத்துக்கு மேல, குத்தம் சாட்டப்பட்டவன் அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே தெரிஞ்சவன். அரசாங்கக் கணக்கு. அப்போ “வெளிய போகாத”ன்னு சொல்றவங்க பொண்ண எங்க பூட்டி வைக்கிறாங்கன்னு யோசிங்க.

நீங்க அந்த லீடர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, முடிஞ்சா தாமார் பகுதில ஒரு பாடம் எடுக்கச் சொல்லுங்க, மறுத்தா அந்தக் கூட்டத்துக்கு தங்கச்சிய அனுப்பாதீங்க. 18 வயசுக்கு கீழ இருக்கிற புள்ளைக்கு ஏதாவது நடந்தது தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாம மறைச்சா போக்சோல அதுவே குத்தம், பாஸ்டரா இருந்தாலும் ஃபாதரா இருந்தாலும். 1098 குழந்தைங்களுக்கான நம்பர், 181 பொண்ணுங்களுக்கு.

ஆனா இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. ஒரு பிரசங்கத்துக்கு ராத்திரி பூரா அழுதிருக்கான்னு எழுதியிருக்கீங்க. பிரசங்கத்துக்காக மட்டும்தான் அழுதாளான்னு கேளுங்க. கேக்கும்போது எங்க போன, என்ன போட்டிருந்தன்னு எதுவும் கேக்காதீங்க. மொதல்ல சாப்பாடு போடுங்க, எதிர்ல உக்காருங்க, பாதி சாப்ட்டதும் கேளுங்க.