சங்கு பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஆன்லைன்ல வலம்புரி சங்கு ரொம்ப சீப்பா வருதே, நம்பி வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பக்கம் கிடைக்கிற நம்ம சங்குக்கு அறிவியல் பேரு டர்பினெல்லா பைரம். கூம்பு முனைய மேல வெச்சு வாய் நம்மள பாக்குற மாதிரி பிடிச்சா வாய் வலது பக்கம் தான் இருக்கும், இடது பக்கம் இருந்தா அது தான் வலம்புரி, லட்சக்கணக்குல எடுத்தாலும் ஒண்ணு கிடைச்சா அதிசயம். அப்புறம் எப்படி கடை கடையா அடுக்கி வெச்சிருக்கான்னா, மெக்சிகோ வளைகுடா பக்கம் வேற ஒரு நத்தை இருக்கு, அதுக்கு பொறப்புலயே வாய் இடது பக்கம் தான், அத கொண்டாந்து வலம்புரின்னு தலையில கட்டிடுறாங்க. வாய்க்குள்ள லைட் அடிச்சு நடுத்தண்ட பாருங்க, நம்ம சங்குல 3 இல்ல 4 மடிப்பு வரி வரியா ஓடும், விரல விட்டா தட்டுப்படும். அந்த ஊரு நத்தையில அந்த வரிசை இருக்காது, ஓடும் லேசா இருக்கும். போட்டோல வாய்க்குள்ள காட்ட மாட்டேங்கிறாங்கன்னா புரிஞ்சுக்கோங்க.

கேள்வி: கடல்ல இருக்கும்போதே இப்படி வெள்ளையா தான் இருக்குமா சார்?

பதில்: இல்லங்க. உயிரோட இருக்கும்போது மேல பழுப்பு கலர்ல வெல்வெட் மாதிரி ஒரு தோல் போர்த்தியிருக்கும், அத சுரண்டி எடுத்தா தான் வெள்ளை.

கேள்வி: அது என்ன சாப்பிடும்? குட்டி போடுமா?

பதில்: மணல்ல இருக்கிற புழுவ தான் தின்னும். முட்டை தான் போடும், ஆனா அத பாத்தா முட்டைன்னே சொல்ல மாட்டீங்க, ஆட்டுக்கடா கொம்பு மாதிரி முறுக்கிக்கிட்டு அறை அறையா ஒரு கூடு, அடிப்பக்கம் மணல்ல புதைஞ்சிருக்கும். குஞ்சு வெளிய வரும்போதே ஓட்டோட குட்டிச் சங்கா ஊர்ந்து தான் வரும், மத்த நிறைய நத்தைங்க மாதிரி தண்ணில மிதந்து திரியிற பருவம் கிடையாது, அதனால தூரமா பரவாது, ஒரு இடத்துல மொத்தமா அள்ளிட்டா திரும்ப பெருகுறது கஷ்டம்.

கேள்வி: தூத்துக்குடில சங்கு குளிக்கிறாங்களே, அதெல்லாம் பூஜைக்கா போகுது?

பதில்: கொஞ்சம் தான். பெரும்பகுதி காலங்காலமா வங்காளத்துக்கு போயி வளையலா அறுபடுது, அங்க கல்யாணம் ஆன பொண்ணுங்க போடுவாங்க. கொற்கைல தோண்டினப்ப கூட அறுத்த சங்குத் துண்டு கிடைச்சிருக்கு, அவ்ளோ பழைய தொழில்.

கேள்வி: காதுல வெச்சா கடல் சத்தம் கேக்குதே அண்ணே?

பதில்: சுத்தி இருக்கிற சத்தம் தான்பா உள்ள எதிரொலிக்குது. சத்தமே இல்லாத ரூம்ல வெச்சு பாருங்க, ஒண்ணும் பெருசா கேக்காது.