வாசகர் கேள்வி: பழக்கூடையில் எதை எதோடு வைப்பது?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் வீட்டில் இரண்டு மூன்று சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. ஒரே கூடையில் வைத்து ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடுகிறேன். இரண்டே நாளில் எல்லாம் கனிந்து குழைந்துவிடுகின்றன. ஐஸ் பெட்டியில் வைத்தால் வாழைப்பழத் தோல் கறுத்துவிடுகிறது. என்னதான் செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுவதுதான் இதற்குக் காரணம். பறித்த பிறகும் பழம் மூச்சுவிடுகிறது. வாழை, மா, பப்பாளி, சிக்கு (சப்போட்டா), ஆப்பிள் போன்றவை பழுக்கத் தொடங்கும்போது எத்திலின் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு அருகிலுள்ள காயையும் பழுக்கத் தூண்ட, அதுவும் தன் பங்குக்கு வாயுவை விட, காற்றோட்டமில்லாத கூடைக்குள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு எல்லாம் ஒரே நாளில் கனிந்துவிடுகின்றன.

எத்திலின் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்தில் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். பால் கூடுதலாக இறங்க வேண்டும் என்று வெட்டுக்கோட்டின் ஓரமாகப் பட்டையில் தடவினார்களே எத்ரெல் மருந்து, அது மரத்துக்குள் சென்று இதே எத்திலின் வாயுவாகத்தான் பிரிகிறது; பால் குழாய்கள் சீக்கிரம் அடைபடாமல் அது தடுப்பதால் மங்கில் பால் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்குக் காசு கொடுத்து வாங்கித் தடவியதை உங்கள் வாழைப்பழம் இலவசமாகவே தயாரித்துக்கொள்கிறது.

ஆகவே பூசை முடிந்த அன்றே பழங்களைப் பிரித்துவிடுங்கள். நன்கு மஞ்சளானவற்றைத் தனியே எடுத்து முதலில் உண்ணுங்கள். பச்சை மாறாத சீப்பை அடுப்பங்கரையின் வெக்கை படாத இடத்தில், காற்று உலாவும்படி கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஈக்கு அஞ்சினால் வலைமூடி போதும். வாய் கட்டிய பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். சீப்பின் காம்புப் பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றும் முறையை நானும் செய்து பார்த்தேன். ஒரு நாள் தள்ளிப்போனதாக வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. அடிபட்டு நசுங்கிய பழம் மற்றவற்றைவிட அதிகமாக வாயு விடுமென்பதால், அதை இரக்கம் பாராமல் உடனே கூடையிலிருந்து அகற்ற வேண்டும்.

ஐஸ் பெட்டி விஷயத்துக்கு வருவோம். வாழை வெப்ப நாட்டுப் பயிர். கப்பலில் ஏற்றுமதி செய்பவர்கள்கூட அதை 13 அல்லது 14 டிகிரி செல்சியசில்தான் வைக்கிறார்கள். வீட்டு ஐஸ் பெட்டிக்குள் ஏறத்தாழ 4 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் தோலின் உயிரணுக்கள் சிதைந்து கறுத்துவிடுகின்றன. காயாக உள்ளே வைத்தால் பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. நன்கு பழுத்ததை வைத்தால் தோல் மட்டுமே கறுக்கும். உள்ளே சதை இன்னும் சில நாள் நன்றாகவே இருக்கும். மிகவும் கனிந்துவிட்டால் தோலுரித்து உறைபெட்டியில் போட்டுவைத்து, பிள்ளைகள் கேட்கும் மாலையில் மாவோடு பிசைந்து ஜெம்புட் பொரித்துக் கொடுங்கள். மாம்பழத்தையும் பப்பாளியையும் வெளியே பழுக்கவிட்டு, பழுத்த பின்னரே குளிரில் வைக்க வேண்டும். வெட்டிய பப்பாளியை மூடி உடனே உள்ளே வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வெளியே இருக்கக்கூடாது.

கேள்வி: சிக்குக்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து என் பாட்டி பழுக்க வைப்பார். செங்காயாகப் பறித்த ரம்புத்தானையும் அப்படிப் பழுக்க வைக்கலாமா? பழுத்ததைப் பறித்து வைத்தாலும் மூன்றாம் நாளே முடி கறுத்துவிடுகிறதே?
– வாசகர், பீடோர்

பதில்: பாட்டி செய்தது சரியே. சிக்கு விடும் வாயு வெளியேறாமல் அரிசிக்குள் தங்குவதால் அது விரைவில் கனிகிறது. ரம்புத்தான் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. மரத்தில் எந்த அளவு பழுத்ததோ அவ்வளவுதான், பறித்த பின் அதன் இனிப்பு கூடாது. எனவே நன்கு சிவந்த பிறகே பறியுங்கள்.

முடி கறுப்பதற்குக் காரணம் ஈரம் வற்றுவதுதான். அத்தனை முடிகளின் வழியாகவும் பழம் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. கழுவாமல், சிறு துளைகளிட்ட பிளாஸ்டிக் பையில் ஒரு காகிதத் துண்டோடு போட்டு, ஐஸ் பெட்டியின் அடியிலுள்ள காய்கறி அறையில் வையுங்கள். முடி கறுத்ததைக் கண்டு மொத்தத்தையும் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. ஒன்றை உரித்துப் பாருங்கள். சதை வெண்மையாகவும் புளித்த வாடை இல்லாமலும் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: இறக்குமதிப் பழப்பெட்டி ஒன்றில் ஊதா நிறக் குருணைகள் அடங்கிய சிறு பொட்டலம் கிடந்தது. அதை எங்கள் பழக்கூடையில் போட்டு வைக்கலாமா?
– வாசகி, தாப்பா

பதில்: அது பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊட்டிய குருணையாக இருக்க வேண்டும், எத்திலினைச் சிதைத்துப் பழுப்பதைத் தாமதப்படுத்துவதற்காக வணிகர்கள் வைப்பது. பொட்டலம் கிழிந்தால் கையிலும் பழத்திலும் கறை படியும், வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்பதால் வீட்டுக் கூடைக்கு அது வேண்டாம். ஊதா நிறம் பழுப்பாக மாறியிருந்தால் அதன் வேலையும் முடிந்துவிட்டது என்று பொருள். குழந்தைகள் கையில் சிக்காதபடி சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.