மக்களோட சேர்ந்து டிசைன் பண்றதுன்னா என்ன, ஆர்க்கிடெக்டுக்கு அதுல என்ன வேலை?

"எல்லாத்தையும் மக்களே முடிவு பண்ணா ஆர்க்கிடெக்ட் எதுக்கு?"ன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான டவுட்டுதான். மக்களோட சேர்ந்து டிசைன் பண்றதுன்னா, அந்தக் கட்டடத்தை பயன்படுத்தப் போறவங்களும் ஆரம்பத்துல இருந்தே கூட உக்காந்து முடிவு பண்றது, ஆர்க்கிடெக்ட் தனக்குத் தெரிஞ்ச தொழில்நுட்பத்தை அதுல சேர்க்கிறது. வரைஞ்சு முடிச்ச பிளானை கொண்டுபோய் காட்டி "பிடிச்சிருக்கா"ன்னு தலையாட்ட வைக்கிறது இதுல சேராது, நிறைய பேர் அதைத்தான் பண்ணிட்டு மக்கள் பங்கேற்புன்னு பேர் வச்சுக்கிறாங்க.

ஆப்பிரிக்காவுல இருக்கிற புர்கினா ஃபாஸோ நாட்டுல காண்டோ கிராமத்து ஸ்கூலை பாருங்க. 2001ல முடிஞ்சது, டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் பிரான்சிஸ் கெரே அந்த ஊர்க்காரரேதான். ஊர் ஜனங்களே மண்ணுல செங்கல் செஞ்சு கட்டினாங்க, மண்ணோட கொஞ்சம் சிமென்ட் சேர்க்கலாம், தகரக் கூரையை சீலிங்குக்கு மேல தூக்கி வச்சா நடுவுல காத்து ஓடி சூடு வெளிய போயிரும், இந்த மாதிரி யோசனைதான் அவரோட பங்கு. பின்னாடி அங்க லைப்ரரிக்கு வீட்டுப் பெண்கள் செஞ்ச மண்பானைங்களை வாங்கி, அடியை அறுத்துட்டு கான்கிரீட் சீலிங்ல பதிச்சாங்க, வெளிச்சமும் காத்தும் அந்த ஓட்டை வழியாத்தான்!

சிலியில இகீகே ஊர்ல 2004ல ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனாவோட டீம் வேற ரூட்டு புடிச்சது. ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு கட்டிக் குடுக்க பணம் பத்தல, அதனால குடும்பங்களோட உக்காந்து பேசி, கிச்சன், பாத்ரூம், மாடிப்படின்னு தனியா கட்டறதுக்கு கஷ்டமான பாதி வீட்டை மட்டும் கட்டிக் குடுத்தாங்க, பக்கத்துல விட்ட காலி இடத்துல மீதியை அவங்கவங்க கையில காசு வர வர கட்டிக்கிட்டாங்க.

இப்படி மக்களோட சேர்ந்து பண்ணா டைம் நிறைய இழுக்கும், மீட்டிங்ல சத்தமா பேசறவர் பேச்சே எடுபடும், அதனால வாய் திறக்காதவங்களை தனியா போய் கேக்கறதும் ஆர்க்கிடெக்ட் வேலைதான்.