பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்துவிட்டால் சாப்பிடலாமா?

கூடாது. வறுத்தால் பூஞ்சை செத்துவிடும், அது பருப்புக்குள் விட்டுவைத்த நஞ்சு போகாது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்கிற பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் முழுசாகச் சிதைய 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வீட்டு வாணலியில் வறுத்தால் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். கழுவுவதாலும் பயனில்லை.

ஒன்றிரண்டு பருப்புதானே என்று விடாதீர்கள். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் நம் நாட்டில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். மோசமாகக் கெட்ட ஒரே ஒரு பருப்பு போதும், ஒரு கிலோவையும் அந்த வரம்பைத் தாண்ட வைக்க. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். வேறு தானியம், ஆனால் இதே நஞ்சு. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரலாம், ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெடுவது கடையில்தான் என்று பலர் நினைக்கிறார்கள், பாதி வேலை மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரம் மழை இல்லாமல் மண் காய்ந்து சூடேறினால் செடி தளர்ந்துவிடும், அப்போதுதான் பூஞ்சை காய்க்குள் நுழைகிறது. அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் விட முடிந்தவர்கள் தப்பித்தார்கள். அப்புறம் பிடுங்கிய காயை ஈரத்தோடு குவித்து வைப்பது, மில்லில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது. இந்தத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். நன்றாகக் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும் காயை மறுபடி நனைத்து மூட்டை கட்டினால் அது பூஞ்சைக்கு நாமே போடும் விதை.

என் கோபம் எல்லாம் பொறுக்கிப்போட்ட சொத்தைப் பருப்பு எங்கே போகிறது என்பதில்தான். குறைந்த விலைக்கு எண்ணெய் ஆட்டப் போகிறது. எண்ணெயில் கொஞ்சம் இறங்கும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், அதை மாடு தின்றால் நஞ்சு உருமாறிப் பாலில் வரும், அந்தப் பாலைத்தான் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததும் கடலைப் புண்ணாக்குத் தீவனத்தால்தான், இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே அப்போதுதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முடிந்தால் தோலோடு இருக்கும் காயாக வாங்கி, வேண்டும்போது உடையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தாலே பெரும்பங்கு நஞ்சு போய்விடும், ஏனென்றால் அது எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. எறிந்ததைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். வாயில் போட்டது கசந்தால் உடனே துப்பிவிடுங்கள்.